தொப்பூர் ஏறி வீடு வந்து சேரும்வரை

கிளம்புகிற அன்று எல்லோரும் காரைச் சுற்றி வருவார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிடும், டேஷ்போர்டு பிள்ளையாருக்குப் பூ போட்டாகிவிடும், கண்ணாடியும் பளபளவென்று இருக்கும். அதே கார் நான்கைந்து நாள் வெயிலிலும் மண்ணிலும் ஓடி, ஆளுக்கொரு பை கூடுதலாக ஏற்றிக்கொண்டு, தூக்கம் போதாத ஆளின் கையில் திரும்பக் கிளம்பும்போது ஒருவரும் சுற்றி வருவதில்லை. அறையைக் காலி செய்யும் அவசரத்தில் சாவியைத் திருகிக் கிளம்பிவிடுகிறோம்.

தர்மபுரியில் குடியிருப்பதால் இதை நாங்கள் அடிக்கடி கண்ணால் பார்க்கிறோம். பொங்கல், தீபாவளி என்றால் போதும், பெங்களூரிலிருந்து தெற்கே போகிற கார்கள் எல்லாம் 44-ம் எண் நெடுஞ்சாலையில் எங்கள் ஊரை ஒட்டித்தான் போகும். லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பும். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசை நீளும். மறுநாள் காலை ஆபீஸ் போக வேண்டியவர்களின் அவசரம் ஹார்ன் சத்தத்திலேயே தெரியும்.

நான் பள்ளி ஆசிரியை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் குடும்பத்தோடு எங்காவது காரில் போவது எங்கள் வழக்கம். நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். பின்சீட்டில் மாமியாரும் பிள்ளைகள் இருவரும். ராமேஸ்வரம், தஞ்சாவூர், கன்னியாகுமரி என்று எந்தப் பக்கம் போனாலும் எங்களுக்கு முதலில் வருவது தொப்பூர் மலை இறக்கம். அதனால் பிரேக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 500 மீட்டரை ஒட்டி. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆக ஓசூரிலிருந்து சேலம் போகிறவர் அவ்வளவு உயரத்தையும் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் பெரும்பகுதி இரண்டு இடத்தில் வருகிறது. சூளகிரி தாண்டி மேலுமலையில் ஒன்று, தொப்பூர் கணவாயில் இன்னொன்று. பாளையம் டோல்கேட்டைத் தாண்டி இரட்டைப் பாலம் வரை சாலை அகலமாக, பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவு எதுவும் கிடையாது. மலைப்பாதையில் இறங்குகிறோம் என்ற எண்ணமே வராது. ஆபத்தே அதுதான். 2024 ஜனவரியில் இதே இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. அது வந்தாலும் வராவிட்டாலும் இறக்கம் இறக்கம்தான்.

டீசல் மிச்சம் என்று லாரிக்காரர்கள் சிலர் இங்கே நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். கார்க்காரர்களும் செய்வதுண்டு, என் மச்சினர் உட்பட. இதில் மிச்சம் எதுவும் இல்லை. இப்போது வரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் தானாக நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் ஓடுவதற்குக் கொஞ்சம் எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். ஆக நியூட்ரலில் இறங்குவது செலவும்கூட. அதைவிட முக்கியம், கியர் பிடித்து நிறுத்தவேண்டிய வேகத்தை முழுக்க பிரேக்கே தாங்க வேண்டி வரும். டிஸ்க்கும் பேடும் சூடேறும், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் சீக்கிரம் கொதித்துக் குமிழி கட்டும். அப்போது மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுவது எங்கள் வீட்டில் சட்டம். இறங்கத் தொடங்கும் முன்பே மூன்றாவது கியர், லாரிகள் அடர்ந்திருந்தால் இரண்டாவது. இன்ஜின் கொஞ்சம் உறுமும், உறுமட்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காமல், தேவையானபோது நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் டி-யிலேயே போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதிலும் எல் அல்லது மேனுவல் மோட் இருக்கிறது, அது இதற்குத்தான். ஜன்னல் வழியாகக் கருகல் நாற்றம் வந்தால் முன்னால் போகும் லாரியாக இருக்கலாம், நம் வண்டியாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்த லாரிக்கு முன்னாலும் இருக்கக் கூடாது, பின்னால் ஒட்டியும் போகக் கூடாது.

கிளம்புவதற்கு முதல் நாள் வண்டியைச் சர்வீஸுக்கு விடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே முடித்துவிட்டால், மாற்றிய சாமான் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று உள்ளூரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். எங்கள் மெக்கானிக் அண்ணன் பட்டியல் எல்லாம் வைத்துக்கொள்வதில்லை. வண்டி வந்ததும் முதலில் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடிக்கச் சொல்வார். குந்தி உட்கார்ந்து டயரின் உள்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவுவார். வெளிப்பக்கம் புதுசு போல இருக்கும் டயர், அலைன்மென்ட் போயிருந்தால் உள்பக்கம் மொட்டையாகித் துணி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியவே தெரியாது. "டீச்சர், கண்ணுக்கு முன்பக்கம்தான் தெரியும், கைக்குத்தான் பின்பக்கம் தெரியும்" என்பார். பிறகு பக்கவாட்டில் எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். குழியில் விழுந்து உள்ளே நூல் அறுந்த டயரில்தான் அப்படிப் புடைக்கும். அதை ஒட்ட முடியாது, மாற்றியே ஆக வேண்டும்.

டயரின் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. கார் வெளியே அதிகம் போகாமல் நிழலில் நின்றிருந்தாலும் ரப்பர் காய்ந்துபோகும், நுண்ணிய வெடிப்பு விடும். ஐந்தாறு வருடத்தைத் தாண்டிய டயரோடு நீண்ட பயணம் போக எனக்குத் துணிவில்லை. பட்டன், அதாவது டயரில் தரையைத் தொடும் பக்கத்துப் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்காக ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள், டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

காற்று விஷயத்தில் பெரும்பாலானவர்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பங்க் பையன் "எவ்வளவு?" என்று கேட்பான், இவர்கள் "நீயே போடுப்பா" என்பார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது. பல கார்களில் அதில் இரண்டு கணக்கு இருக்கும், ஒன்று ஓரிருவர் போகும்போது, இன்னொன்று ஆளும் லக்கேஜும் நிறைந்து போகும்போது. விடுமுறைப் பயணத்துக்கு இரண்டாவது கணக்குத்தான். காலையில் டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அளந்தால் சூட்டில் மூன்று நான்கு பாயின்ட் கூடக் காட்டும், கூடுதலாக இருக்கிறதே என்று இறக்கிவிடக் கூடாது. வெடிக்கிற டயர்களில் பல, காற்று குறைந்து, பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறித்தான் வெடிக்கின்றன. ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து டயர் என்று சொல்லிப் பிடியுங்கள்.

ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதாது என்பது நாமக்கல் பக்கம் தெரிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து திரும்புகிற வழி, பின்சக்கரம் பஞ்சர். ஜாக்கி இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது, ஆனால் நட் ஒன்றும் அசையவில்லை. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஸ்பேனர் மேலே ஏறி நின்று மிதித்தார். இரண்டு நட் கழன்றது, மூன்றாவதில் ஸ்பேனர் வழுக்கிக் கணுக்காலில் அடி. டெம்போ ஓட்டி வந்த ஒருவர் நிறுத்தி, ஒரு நீளமான இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனர் கைப்பிடியில் சொருகி அழுத்தினார். மீதி நட்டெல்லாம் நொடியில் கழன்றது. இதற்கு முன்னால், ஸ்டெப்னியை எடுப்பதற்கே டிக்கியிலிருந்த சூட்கேஸ், குக்கர், சங்கு, பனங்கற்கண்டு மூட்டை எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கி வைத்தது தனிக் கூத்து. இப்போது ஒரு முழ நீளக் குழாயும் வண்டியில் வருகிறது. டயர் கடையில் வேலை முடிந்ததும், கையால் ஒரு நட்டைத் தளர்த்தி, திரும்ப முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்போம்.

அன்று மாமியாரையும் பிள்ளைகளையும் காரிலிருந்து இறக்கி, ஓரத்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தோம். நெடுஞ்சாலையில் நின்றுபோன காரின் உள்ளே உட்கார்ந்திருப்பதும், அதன் பின்னால் நிற்பதும் ரொம்ப ஆபத்து. நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, சிவப்பு முக்கோணத்தைக் காருக்கு ஐம்பதடிக்குள் வைக்காமல் நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் எந்த உதவிக்கும் 1033, ஆம்புலன்சுக்கு 108. மைல்கல்லில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணைச் சொன்னால் சீக்கிரம் கண்டுபிடித்து வருவார்கள்.

லக்கேஜ் கட்டுவதில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வேன். கனமானது கீழே, உருண்டு ஓடக்கூடியது எதுவும் வெளியே இருக்கக் கூடாது. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் எவர்சில்வர் தூக்கை வைத்துவிட்டு எண்பதில் போகிற கார்களைப் பார்த்திருக்கிறேன். சடாரென்று பிரேக் போட்டால் அது அதே எண்பதில் முன்னால் வரும். தண்ணீர் பாட்டில் இன்னும் மோசம். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை வண்டி நிற்கும்போது காலை வைத்துப் பாருங்கள். எங்கள் காரில் பாட்டிலுக்கு இடம் கதவுப் பை மட்டும்தான்.

பெல்ட் பின்சீட்டுக்கும் சட்டப்படி கட்டாயம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பெல்ட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம். மாமியாருக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "கட்டிப்போட்ட மாதிரி இருக்கு கண்ணு" என்றார். கழுத்தில் உரசுவதுதான் காரணம் என்று தெரிந்ததும் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார வைத்தோம், பெல்ட் தோளுக்கு இறங்கியது. அப்புறம் பேச்சில்லை. சின்னவனை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் செய்துகொண்டிருந்ததுதான். ஏர்பேக் விரியும் வேகம் தெரிந்த பிறகு யாரும் செய்வதில்லை.

இனி ஓட்டுகிற ஆள். என் அனுபவத்தில் வண்டியைவிட இதுதான் கஷ்டம், ஏனென்றால் வண்டிக்கு மெக்கானிக் இருக்கிறார்.

நம் ஊர்ப் பழக்கம், நடுராத்திரி வரை மூட்டை கட்டுவது, புளிசாதம் கிளறுவது, மூன்று மணிக்குக் குளித்துவிட்டு விடிவதற்குள் பாதி தூரம் போய்விட வேண்டும் என்று கிளம்புவது. உடம்பு ஆழ்ந்து தூங்க ஏங்குகிற நேரமே அந்த விடியற்காலைதான். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடும். நான்கு நொடி கண் சொக்கினால் நூறு மீட்டர் யாரும் ஓட்டாமல் வண்டி போகிறது. எங்கள் வீட்டில் இதை எடுத்துச் சொன்னபோது தடையாக வந்தது தூக்கமல்ல, நேரம் பார்க்கிற பழக்கம். நல்ல நேரம் அதிகாலையில் முடிகிறது, அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்றார் மாமியார். கடைசியில் அவரே வழியும் சொன்னார், பரஸ்தானம். முதல் நாள் நல்ல நேரம் பார்த்து ஒரு பையைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நாங்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காபி குடித்து, ஆறரைக்கு வண்டி எடுத்தோம். நம் பெரியவர்கள் இதற்கெல்லாம் வழி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். ஒரு காபி குடித்துவிட்டு, பங்க்கில் ஓரமாக நிறுத்தி, இருபது நிமிடம் தூங்க வேண்டும். காபி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ஏசியை உள்காற்றே சுற்றும்படி மணிக்கணக்கில் விட்டாலும் மூச்சுக்காற்று தேங்கித் தூக்கம் வரும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். சளி மாத்திரை போட்டிருந்தால் அன்று ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

இதை ஒகேனக்கல் வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூர், சேலத்திலிருந்து ஒரே நாளில் வந்து திரும்புகிற கூட்டம் அது. அங்கே என்ன செய்கிறார்கள்? எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், வயிறு முட்ட மீன் சாப்பாடு. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று வீட்டில் அதட்டுவார்கள். அதட்டாவிட்டால் தூங்கிவிடுவோம் என்பதால்தான். அந்த உடம்போடு நான்கு மணிக்கு வண்டி எடுத்து, காட்டுப்பாதையில் வளைந்து வளைந்து பென்னாகரம் ஏறுகிறார்கள். இருட்டினால் யானையும் அந்த வழியில் வரும். மசாஜும் மீனும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஓட்டுகிற ஆள் மட்டும் அன்றைக்கு மசாஜைத் தியாகம் செய்யட்டும், அல்லது எல்லோரும் ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கிளம்பட்டும்.

திரும்பும் நாள் காலையில் நாங்கள் செய்வது அரை மணி நேர வேலை. டயர்களைத் தடவிப் பார்ப்பது, பக்கத்துப் பங்க்கில் காற்று பிடிப்பது, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆயிலும் கூலன்ட்டும் மட்டம் பார்ப்பது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், அதனால் காலையில்தான். வைப்பர் தண்ணீர், ஹெட்லைட், பிரேக் லைட். பிரேக் லைட்டைப் பெரியவள் பின்னால் நின்று பார்த்து "எரியுதும்மா" என்று கத்துவாள். ஹெட்லைட்டில் பூச்சியும் தூசியும் அப்பியிருந்தால் இரவில் வெளிச்சம் பாதியாகிவிடும், ஒரு ஈரத்துணி போதும். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவோம்.

கூடவே, லீவின் கடைசி நாளைக் காலியாக விட்டுவிடுகிறோம். ஞாயிறு இரவுக்குப் பதில் சனிக்கிழமை பகலில் வீடு வந்துவிட்டால் அந்த ஹார்ன் கூட்டத்தில் சிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் ஊர் சுற்றல் குறையும்தான். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள்.

எங்களுக்குத் திரும்பும் வழியில் தொப்பூர் ஏற்றம். ஏற்றத்தில் பிரேக் பயம் குறைவு, வேறு பயம் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரி முதல் கியரில் நடையாய் நடந்துகொண்டிருக்கும். பல லாரிகளில் பின் விளக்கு எரியாது, எரிந்தாலும் மண் மூடியிருக்கும். எண்பதில் வருகிறவருக்கு அது ஓடுகிற வண்டியா நிற்கிற வண்டியா என்று கிட்டே போகும்வரை புரியாது. ஒரு லாரியை இன்னொரு லாரி முந்தப் பார்த்து இரண்டு லேனும் அடைபட்டுக் கிடக்கும். அந்த இடத்தில் பொறுமையாக நாற்பதில் பின்னால் போவதைத் தவிர வழியில்லை. சர்வீஸ் ரோட்டுப் பக்கம் இடதில் நுழைந்து முந்துவது வேண்டவே வேண்டாம்.

தொப்பூர் ஏறிவிட்டால் வீட்டுக்கு அரை மணி நேரம். பின்சீட்டில் பெல்ட் கழற்றுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும், செருப்பைத் தேடுவார்கள், போனை எடுத்து "வந்துட்டோம்" என்பார்கள். ஓட்டுகிறவரும் வண்டியைக் கொஞ்சம் விரட்டுவார். இந்தக் கடைசி அரை மணிக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். பாளையம் டோல்கேட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, எல்லோரும் இறங்கி டீ குடித்துவிட்டு, ஆளை மாற்றிக்கொண்டு மறுபடி பெல்ட் போட்டு ஏறுவது. வீடு இவ்வளவு கிட்டே இருக்க எதற்கு இங்கே டீ என்று உறவினர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

விபத்து எதையாவது வழியில் பார்த்தால் நிறுத்தி 108-க்குச் சொல்லத் தயங்காதீர்கள். உதவியவரைப் போலீஸும் ஆஸ்பத்திரியும் அலைக்கழிக்கக் கூடாது என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். வெளிமாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும்.

கடற்கரை ஊருக்குப் போய்வந்திருந்தால் மறுநாளே காரை வாட்டர் வாஷுக்கு விட்டு, அடிப்பாகத்தை நன்றாகப் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள், உப்பு படிந்தால் இரும்பைத் தின்னும். டயர் காற்றைப் பழைய கணக்குக்கு இறக்கிக்கொள்ளலாம். பஞ்சர் ஒட்டிய டயரை ஸ்டெப்னி இடத்தில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், அதற்கும் ஒருமுறை காற்று பிடித்து வையுங்கள்.